நனைந்த தீக்குச்சிகளுக்கு ஒரு சஹன் சோறு

1

இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு மச்சான் என்ன வாங்கித் தந்தாஹ என்று ஊரிலிருந்து தங்கச்சியும் சாச்சியும் மாற்றி மாற்றி வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகப் பதில் போட எனக்குப் பொறுமை இல்லை. எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். மூன்று கிரேக்கர்களைத் தந்தாஹ.

வளையல் எதிர்பார்த்தேன் என்று சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை, அதனால் அதைப் பேசவேண்டாம். கிரேக்க நாட்டிலிருந்து ஒரு பாட்டுக் கோஷ்டி. உலகத்தில் முக்கால்வாசிப் பேர் கேள்விப்படாத கோஷ்டி, கேள்விப்பட்டவர்களில் பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்ட கோஷ்டி. அவர்கள் நாங்கள் இருக்கும் இந்த மலாய் நாட்டு ஜொகூருக்கு வந்து எங்கள் கடை மாடியில் பாடினார்கள். அதுவும் சரியாக என் கல்யாண நாளில். தற்செயல் என்று என் கணவர் காதர் இன்றுவரை சத்தியம் செய்கிறார்.

எங்கள் காயல்பட்டினத்தில் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். நான் ஒருத்திதான் தலைகீழாக, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டி மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தவள். காதர் இங்கேயே பிறந்தவர். அவர் வாப்பா பெர்மாஸ் ஜெயாவில் போட்ட சாப்பாட்டுக் கடையைத்தான் நாங்கள் நடத்துகிறோம். விடிவதற்கு முன்னால் ரொட்டி சானாய் மாவு வீசும் சத்தத்தில் எழுந்தால், கடைசித் தேத்தண்ணியை இழுத்து ஊற்றி முடிக்கும்போது முதுகு கழன்றுவிடும். இதுதான் வெளிநாட்டு வாழ்க்கை. படத்தில் பார்ப்பதுபோல் ஒன்றும் இல்லை.

மாப்பிள்ளை பார்க்கும்போது எங்கள் வீட்டில் நன்றாகத்தான் விசாரித்தார்கள். குடி உண்டா, சிகரெட் உண்டா, தொழுகை உண்டா என்றெல்லாம் கேட்டார்கள். பாட்டு என்ன கேட்பார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. வந்த முதல் வாரம் இவர் ஆசையாக ஒரு கேசட்டைப் போட்டார். நான் ஓடிப்போய், "மச்சான், டேப்பு சிக்கிக்கிச்சு, நிறுத்துங்க"ன்னேன். சிக்கவில்லையாம். பாட்டே அப்படித்தானாம்.

2

அந்தக் கோஷ்டியின் சரித்திரம் எனக்கு மனப்பாடம். கலிமாவுக்கு அடுத்தபடியாக இந்த வீட்டில் அதிகம் ஓதப்பட்டது அதுதான்.

பிரேயுஸ் என்று அங்கே ஒரு துறைமுகம். அங்கே மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் ஒருவருடைய பட்டறைக்கு அடியில் ஒரு நிலவறை. அவருடைய மருமகன் ஸ்டெலியோஸ் கிட்டார், பக்கத்து வீட்டுப் பெண் எலெனி பாட்டு, பள்ளிக்கூடத்தில் அவர்களோடு படித்த தாகிஸ் பெரிய கிட்டார். அதாவது 'தும் தும்' என்று அடிக்குமே, அது. மழைக்காலத்தில் நிலவறைக்குள் தண்ணீர் வந்து எல்லாம் ஊறிப்போகுமாம். அதனால் கோஷ்டிக்கு 'நனைந்த தீக்குச்சிகள்' என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் அதைச் சொல்ல முயன்றால் என் நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

முதல் கேசட்டை ஒரே நாளில் பதிவு செய்தார்கள். மேலே பட்டறையில் மாமா வெல்டிங் அடித்த சத்தமும் அதில் விழுந்துவிட்டது. என் கணவருக்கு அந்த வெல்டிங்தான் ரொம்பப் பிடிக்கும். வானொலியில் ஒருநாளும் அவர்கள் பாட்டு வந்ததில்லை. ஒரு பெரிய கம்பெனி தேடி வந்து, இங்கிலீஷில் பாடினால் உலகம் முழுக்கக் கொண்டுபோகிறோம் என்றதாம். இவர்கள் அந்தக் கம்பெனியைத் திட்டி ஒரு பாட்டு எழுதி, அதை அந்தக் கம்பெனிக்கே தபாலில் அனுப்பிவிட்டார்கள். கிரேக்க மொழியில்தான்.

ஸ்டெலியோஸுக்கு மின்தூக்கி பழுது பார்க்கும் வேலை. ஏதாவது கட்டிடத்தில் யாராவது மாட்டிக்கொண்டால் கச்சேரியைப் பாதியில் விட்டு ஓடவேண்டும். தாகிஸ் கப்பல்துறையில் டிக்கெட் கொடுப்பவர். மேளக்காரர்கள்தான் நிலைக்கவில்லை. ஒவ்வொருத்தராகக் கல்யாணம் செய்துகொண்டு காணாமல் போனார்கள். கடைசியில் சலித்துப்போய், போகிற ஊரில் யார் மேளம் அடிக்கிறாரோ அவரையே சேர்த்துக்கொள்வது என்று வழக்கமாக்கிவிட்டார்கள்.

பிறகு அந்த நாட்டில் வேலை வெட்டி இல்லாத காலம் வந்தது. எலெனி ஜெர்மனிக்குப் போய் ஒரு ஓட்டலில் துணி துவைக்கும் பகுதியில் சேர்ந்தார். அங்கேயே குடித்தனம், அங்கேயே ஒரு மகள். வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் ஊருக்கு வந்து, அதே நிலவறையில் இறங்கி, இரண்டு மூன்று பாட்டுப் பதிவு செய்துவிட்டுத் திரும்புவார். அப்படியே கோஷ்டி உயிரோடு இருந்தது.

இவர்களுக்கும் என் வீட்டுக்காரருக்கும் எப்படி ஒட்டு என்றால், தபால்தான். அந்தக் காலத்தில் ஜொகூரில் இப்படிப்பட்ட பாட்டுக்கு அலைகிற பையன்கள் ஒரு கூட்டமே உண்டு. உலகம் முழுக்கக் கேசட் மாற்றிக்கொள்வார்கள். அவர்கள் இசைத்தட்டு அனுப்பினால் இவர் மீன் மசாலாப் பொடி அனுப்புவார். ஒருமுறை பார்சலைப் பிரித்து, உள்ளே இருந்ததைப் போட்டுக் கேட்ட சுங்க அதிகாரி, இது என்ன சத்தம் என்று கேட்டதற்கு இவர் அரைமணி நேரம் விளக்கம் சொல்லியிருக்கிறார். என் விசாவைப் புதுப்பிக்கப் போன இடத்திலும் இதே கதைதான். நம்பர் கூப்பிடும்வரை பக்கத்தில் உட்கார்ந்து இவர் அந்தப் பாட்டை முனகுவார். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் என்ன பாட்டு என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் என் கடவுச்சீட்டை வாங்கியதும், அந்தக் கோஷ்டி இன்னும் இருக்கிறதா என்றுதான் முதலில் விசாரிப்பாள். நான் இருக்கிறேனா என்று கேட்டதில்லை.

3

இத்தனை வருஷத்தில் அவர்களை இவர் நேரில் பார்த்ததே இல்லை. ஆகவே, சிங்கப்பூரில் ஒரு கச்சேரி இருக்கிறது, பாலம் தாண்டி உன் ஊருக்கும் வருகிறோம் என்று ஸ்டெலியோஸ் எழுதியதும் மனுஷன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கடை மாடியில் முன்பு டியூஷன் நடந்த ஹால் சும்மா கிடந்தது. அதைக் கழுவி, சுவரில் பழைய மெத்தைகளை அடித்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு தொடங்கி, பொழுது சாயும் மஃரிபுக்கு முன்னால் முடித்துவிடுவோம் என்று பக்கத்துக் கடைக்காரர்களிடம் சொல்லி ஒப்புதல் வாங்கிவிட்டார். மேளத்துக்கு, பக்கத்தில் செனாய் என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் குமார். இவர் போட்டுக் காட்டியே குமாருக்கு எல்லாப் பாட்டும் தெரியும்.

எங்கள் மகன் ஹாரிஸ் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். தினமும் பாலம் தாண்டிப் போய் வருகிறான். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. மற்ற வீடுகளில் பிள்ளை கெட்டுப்போகிறானே என்று அப்பா கவலைப்படுவார். இங்கே வாப்பாவை நினைத்துப் பிள்ளை கவலைப்படுகிறான். "Please லா உம்மா, ask him to behave" என்பான். இங்கிலீஷில் பேசினால் எனக்குக் காது கேட்காது. தமிழில் கேட்டால்தான் பதில், தமிழில் கேட்டால்தான் சோறு. அது இந்த வீட்டுச் சட்டம்.

4

காலை பத்து மணிக்கு இரண்டு டாக்சிகள் வந்து நின்றன. ஒன்றில் எலெனி. இன்னொன்றில் ஸ்டெலியோஸும் தாகிஸும். வருவது மூன்று பேர், எதற்கு இரண்டு டாக்சி என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஸ்டெலியோஸ் என் கணவரைக் கட்டிப்பிடித்தார், விடவே இல்லை. எலெனியும் கட்டிப்பிடித்தார். ஆனால் ஸ்டெலியோஸும் எலெனியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தேத்தண்ணிக்குச் சர்க்கரை வேண்டும் என்றால்கூட தாகிஸிடம் சொல்லி, தாகிஸ் அதை மேசைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகவேண்டியிருந்தது.

தாகிஸ்தான் எங்களுக்கு விஷயத்தைச் சொன்னார். எலெனி புதிதாக ஒரு பாட்டு எழுதியிருக்கிறார், ஜெர்மன் மொழியில். ஸ்டெலியோஸ் அதை வாசிக்கமாட்டேன் என்கிறார். நாட்டை விட்டுத்தான் போனாள், பாஷையையும் விட்டுப் போகவேண்டுமா, கம்பெனிக்காரன் வந்தபோதே வேறு பாஷையில் பாடாதவர்கள் நாம் என்பது அவர் கட்சி. அந்தப் பாட்டு இல்லாவிட்டால் எந்தப் பாட்டும் இல்லை என்பது எலெனி கட்சி. சிங்கப்பூரிலேயே கச்சேரியைப் பாதியில் விட்டு மேடையிலிருந்து இறங்கிப் போய்விட்டார்களாம். இன்று மாலையும் அப்படி ஆனால் இத்தோடு கோஷ்டி முடிந்தது, நாளைக்கு ஆளுக்கொரு விமானம்.

என் கணவர் எழுந்தார். கல்லாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு அந்தப் பாட்டு பிடிக்காதுதான். ஆனால் கால் நூற்றாண்டாக ஒரு மனுஷன் ஆசைப்பட்ட ஒன்று, வாசல்வரை வந்து திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

உண்மையைச் சொன்னால் முதலில் எனக்கு ஸ்டெலியோஸ் பக்கம்தான் நியாயம் பட்டது. அந்த ஆளை எனக்கு நன்றாகவே புரிந்தது. எலெனி அடுப்படிக்கு வந்து வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷும் அவருக்குத் தெரிந்த இங்கிலீஷும் சேர்ந்தால் அரை இங்கிலீஷ் தேறும். அதில் கேட்டேன், ஏம்மா, உங்க பாஷைக்கு என்ன குறைச்சல்? அவர் சொன்னதை நான் விளங்கிக்கொண்ட வகையில் எழுதுகிறேன். மகளுக்குப் பதினைந்து வயது. போன வருஷம் முதன்முதலாகக் கச்சேரிக்கு வந்து முன்னால் நின்றாளாம். முடிந்ததும், ரொம்ப நல்லா கத்தினே அம்மா, என்ன கத்தினே என்று கேட்டாளாம். அவள் அர்த்தம் கேட்கவேண்டிய அவசியமே இல்லாத ஒரு பாட்டு எனக்கு வேண்டும் என்றார்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்து பாதி வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.

கடைசியாக எலெனி ஒன்று சொன்னார். ஜெர்மனிக்குக் கிளம்பும்போது ஸ்டெலியோஸையும் கூப்பிட்டாராம். அந்தப் பாஷை என் வாயில் நுழையாது என்று சொல்லி அவர் இருந்துவிட்டாராம்.

5

கல்யாண நாளுக்கு நான் போட்டிருந்த திட்டம் எங்கள் ஊர் களரிச் சாப்பாடு. நெய்ச்சோறு, ஆட்டுக்கறி, கத்திரிக்காய் மாங்காய், புளியாணம் என்கிற புளிரசம். தரையில் பாய் விரித்து, இரண்டு பேருக்கு ஒரு சஹன் என்று பெரிய தட்டில் வைத்து, ஒரே தட்டிலிருந்து சாப்பிடுவது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், காயலில் கல்யாணம் என்றால் இப்படித்தான்.

முதல் சஹனில் என் கணவரையும் தாகிஸையும் உட்காரவைத்தேன். இரண்டாவதில் ஸ்டெலியோஸையும் எலெனியையும். என் கணவர் பதறிப்போய் காதோரம் வந்தார்.

"அலமாக், ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்ல. ஒரே தட்டுல வெக்கிறியே."

"பேச வேணாம். தின்னட்டும்" என்றேன்.

இரண்டு பேரும் முகத்தை ஆளுக்கொரு சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு தின்ன ஆரம்பித்தார்கள். பாதிச் சஹன் காலியானதும் வழக்கப்படி நான் போய்ச் சோறும் கறியும் போட்டேன். எங்கள் ஊரில் சோறு குறைந்தால் கேட்காமலே வந்து போடுவார்கள். போதும் என்றால் தட்டுக்கு மேலே கையை விரித்துக் காட்டவேண்டும். காலிச் சஹனோடு விருந்தாளி உட்கார்ந்திருந்தால் வீட்டுக்காரருக்கு அவமானம். இவர்கள் கையை விரிக்கவில்லை. முழுக்கத் தின்றார்கள். நல்ல பசி போலிருக்கிறது என்று சந்தோஷமாக மறுபடி போட்டேன். அதையும் தின்றார்கள். மூன்றாவது தடவை போடும்போது ஸ்டெலியோஸ் நெற்றியில் வியர்வையைப் பார்த்தேன். எலெனி மெல்லுவதை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் ஊரில் தட்டில் மீதி வைத்தால் சமைத்தவளுக்கு மரியாதைக் குறைவு. அவர்கள் காலி செய்துகொண்டே இருப்பார்கள், நான் நிரப்பிக்கொண்டே இருப்பேன், உலகம் அழியும் கியாமத்து நாள்வரை இது முடியாது.

தெரிந்ததும் நிறுத்தினாயா என்று கேட்பீர்கள். என்னைத் தெரிந்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார்கள். உள்ளே போய்ப் பெரிய கரண்டியை எடுத்து வந்தேன்.

அந்தக் கரண்டியைப் பார்த்ததும் ஸ்டெலியோஸ் எலெனி பக்கம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். எலெனியும் வாயை அசைக்காமல் பதில் சொன்னார். பக்கத்துச் சஹனில் தாகிஸுக்குப் புரையேறிவிட்டது. சிங்கப்பூரை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவர்கள் பேசிய முதல் பேச்சு அதுதானாம். என்ன பேசினார்கள் என்று தாகிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நீ சோத்தைப் பாத்துக்க, கறிய நான் பாத்துக்கிறேன்" என்று அவர். "பேசாமத் தின்னு, அந்தம்மா மறுபடி வர்றாங்க" என்று இவர்.

அதற்குப் பிறகு அது சாப்பாடு இல்லை, போர். இரண்டு பேரும் ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. எலும்பை அவர் ஒதுக்குவார், சோற்றை இவர் தள்ளுவார், நான் எந்தப் பக்கம் வருகிறேன் என்று மாற்றி மாற்றிக் காவல் பார்த்தார்கள். கடைசியில் எலெனி சிரித்துவிட்டார். சிரித்ததும் அடக்க முடியாமல் பாயிலேயே சாய்ந்துவிட்டார். ஸ்டெலியோஸ் தோற்றுப்போனவராக இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். கை விரித்தால் போதும் என்று என் கணவர் அப்போதுதான் போய்ச் சொன்னார். ஸ்டெலியோஸ் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

என் கணவருக்குச் சிரிப்பு வரவில்லை. "என்ன காரியம் பண்ணி வெச்சே? எந்திரிக்கவே முடியல அவங்களால. அஞ்சு மணிக்குப் பாடணும் லா" என்றார். அதை நான் யோசிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

6

ஐந்து மணிக்கு ஹால் நிறைந்துவிட்டது. கறுப்புச் சட்டை போட்ட மலாய்ப் பையன்கள், சீனப் பெண்கள், தொப்பை விழுந்த பழைய கேசட்காரர்கள், மெர்சிங்கிலிருந்து பஸ் பிடித்து வந்த இரண்டு மீன் வியாபாரிகள். ஹாரிஸ்கூட வந்தான். இஸ்திரி போட்ட சட்டையோடு கதவோரம் நின்றான், தீப்பிடித்தால் முதலில் வெளியேறுகிறவன் மாதிரி.

மேடையில் மூன்று நாற்காலிகள் போட்டிருந்தோம். நின்று வாசிக்க மூன்று பேராலும் முடியவில்லை; தாகிஸின் சஹனையும் நான் விட்டுவைக்கவில்லை. முதல் பாட்டைத் தொடங்கியதுமே தெரிந்துவிட்டது. வீட்டில் நான் கேட்டுப் பழகிய பாட்டு ஓட்டமாக ஓடும், இது ஒன்பது மாதக் கர்ப்பிணி நடப்பதுபோல் நடந்தது. இடைவெளியில் குமார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, என்ன போட்டீங்க அவங்களுக்கு? இழுத்துக்கிட்டே போறாங்க" என்றான். முன்வரிசையில் ஒரு பையன், இதுதான் அவர்களுடைய புது பாணி என்று நண்பனுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். எனக்கோ, இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக அந்தப் பாட்டில் ஒரு ராகம் இருப்பது காதில் விழுந்தது. என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சந்தோஷமா பயமா என்று கேட்டேன். ரெண்டும்தான் என்றார். அந்தப் பாட்டு இன்னும் வரவில்லையே.

வந்தது. எலெனி மைக்கில், அடுத்தது ஜெர்மன் பாட்டு என்று இங்கிலீஷில் சொன்னார். சோறு தின்றபோது சிரித்த சிரிப்பெல்லாம் முகத்தில் இல்லை. ஸ்டெலியோஸ் கிட்டாரை மடியில் கிடத்திவிட்டு, நாற்காலியோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எலெனி குமாரைப் பார்த்துத் தலையசைத்தார். மேளம் மட்டும் மெதுவாகத் தொடங்கியது, கொஞ்ச நேரத்தில் தாகிஸ் சேர்ந்துகொண்டார். எலெனி தனியாகப் பாடினார். கத்தவில்லை. என்ன பாடினார் என்று எனக்குத் தெரியாது, யாரைக் கூப்பிட்டுப் பாடினார் என்று தெரியும். எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு ஹாரிஸைப் பார்த்தேன். அவன் சட்டைக் காலரைத் தளர்த்திவிட்டுக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது சரணத்தில் கிட்டார் கேட்டது. சுவரைப் பார்த்தபடியே ஸ்டெலியோஸ் வாசித்தார். என் கணவர் என் கையை நசுக்கிவிட்டார். திரும்ப வரும் பல்லவியை எலெனி எடுத்தார், அவரோடு சேர்ந்து இன்னொரு குரலும் வந்தது. கரகரவென்று, மைக் இல்லாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு ஸ்டெலியோஸ் பாடினார். ஜெர்மனில். எலெனி பாடுவதை நிறுத்திவிட்டார். ஸ்டெலியோஸ் நிறுத்தவில்லை. எனக்கு அந்தப் பாஷை தெரியாது, ஆனால் தடுக்கி விழுந்து பாடுகிறவரையும் தெரிந்து பாடுகிறவரையும் பிரித்துப் பார்க்கப் பாஷை தெரியவேண்டியதில்லை. அந்தப் பல்லவியை முழுக்கத் தனியாக, ஒரு சொல் தட்டாமல் பாடி முடித்தார்.

எலெனி மைக்கைக் கீழே இறக்கி, கிரேக்கத்தில் அவரிடம் என்னவோ கேட்டார். ஸ்டெலியோஸ் திரும்பாமலேயே இரண்டு மூன்று சொல்லில் பதில் சொன்னார். எலெனி மைக்கை மடியில் வைத்துவிட்டார். ஹால் முழுக்கக் கைதட்டல், விசில்.

தாகிஸ் தண்ணீர் குடிக்க ஓரத்துக்கு வந்தபோது, என்ன கேட்டார் என்று விசாரித்தேன்.

எப்போ ஜெர்மன் படிச்சே என்று கேட்டாராம்.

அவர் என்ன சொன்னார் என்றேன். தாகிஸ் தண்ணீர்க் கிளாஸை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"நீ ஜெர்மனிக்குப் போன வருஷம்."